அஞ்சாம் வகுப்புத் தலையணை

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்டால் தலையணை தைக்கலாம். சொல்லிக்கொள்ளும்படி வேறு பெருமை எதுவும் அந்தப் பள்ளிக்கு இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. போடியில் பெரிய பெரிய பள்ளிகள் இருந்தன. அவற்றுக்கு மஞ்சள் பஸ்கள் இருந்தன, பேண்டு வாத்தியம் இருந்தது. எங்களுடையது ஒரு பழைய மாடி வீடு. மாடியில் பெரிய மிஸ் குடியிருந்தார். கீழே எல்.கே.ஜி.யிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை. பின்னால் தகரக் கொட்டகையில் நான்கும் ஐந்தும், நடுவே ஒரு தட்டி மறைப்போடு. ஐந்து முடித்ததும் ஆளுக்கொரு பள்ளிக்குப் பிரிந்து போய்விட வேண்டியதுதான். பெரிய மிஸ்தான் தலைமையாசிரியை. ஐந்தாம் வகுப்புக்கு டீச்சரும் அவரே. அவருடைய கணவர் பள்ளி வேனை ஓட்டினார், குழாய் ஒழுகினால் சரிசெய்தார், ஆண்டு விழாவுக்கு மைக் கட்டினார். அவரை நாங்கள் சார் என்று கூப்பிடுவோம்.

கொட்டகைக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவில் ஓர் இலவ மரம் நின்றது. ஆங்கிலப் புத்தகத்தில் வசந்த காலம் என்று படித்ததற்கு எங்கள் ஊரில் அகப்பட்ட ஒரே சாட்சி அந்த மரம்தான். அதுவும் தழைத்துப் பூக்காமல், மாசி பிறந்ததும் இருந்த இலையையெல்லாம் உதிர்த்துவிட்டு, காய்களை மட்டும் தொங்கவிட்டுக்கொண்டு மொட்டையாக நிற்கும். எதிரே மலையில் புல்லெல்லாம் காய்ந்து பழுப்பாகிவிடும். பங்குனி வெயிலில் காய்கள் வெடித்துப் பஞ்சு பறக்கத் தொடங்கும் முன்னே சார் தொரட்டியால் அவற்றைப் பறித்துப் போடுவார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வராந்தாவில் கட்டிய பெரிய கொசுவலைக்குள் உட்கார்ந்து காயை உடைப்பார்கள். கொட்டையை நீக்கி, பஞ்சைக் குச்சியால் அடித்து, சின்னச் சின்ன உறைகளில் அடைத்து வாயைத் தைப்பார்கள். அடுத்த ஜூனில் எல்.கே.ஜி. சேரப்போகும் குழந்தைகள் மதியம் தலைவைத்துத் தூங்குவதற்கு ஆளுக்கொரு தலையணை. உறையின் மூலையில், தைத்தவருடைய பெயரின் முதலெழுத்து சிவப்பு நூலில் இருக்கும். பெரிய மிஸ் இதற்கு ஸ்பிரிங் ஆக்டிவிட்டி என்று பெயர் வைத்திருந்தார்.

மற்ற வகுப்புப் பிள்ளைகள் வலைக்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்பார்கள். உள்ளே இருப்பவர்கள் புருவம், மேலுதடு, காது மடல் எல்லாம் வெளுத்து, ஒரே காலையில் கிழவர்களாகிவிட்டவர்கள் மாதிரி இருப்பார்கள். அவர்களைப் போல எனக்கும் ஒருநாள் புருவம் நரைக்கும் என்று நான் முதல் வகுப்பிலிருந்தே காத்திருந்தேன்.

ஆனால் எனக்கு இளைப்பு. டாக்டர் வீசிங் என்பார், அம்மா மூச்சு இரைப்பு என்பாள். எந்தப் பேரில் சொன்னாலும் அதற்குப் பஞ்சு ஆகாது. மாசி முதல் சித்திரை முடியும்வரை எங்கள் வீட்டு ஜன்னல்கள் திறக்கப்பட்டதில்லை. மெத்தைக் கடைகள் இருக்கும் தெருவைத் தவிர்ப்பதற்காக அம்மா என்னை வேறு தெரு வழியாகச் சுற்றிப் பள்ளிக்கு அழைத்துப் போவாள். பள்ளியில் வலை கட்டும் வாரத்தில் என்னை அனுப்பவே மாட்டாள். அப்படியிருந்தும் ஏதாவது ஒரு நாள் சுவரேறி எட்டிப் பார்த்தாவது அந்த வேடிக்கையை நான் பார்த்துவிடுவேன்.

ஐந்தாம் வகுப்பில், மாசி மாதம் ஒரு காலையில், தோசை சாப்பிடும்போது வீட்டில் அறிவித்தேன்.

"இந்த வருஷம் நானும் தலையணை தைக்கப் போறேன்."

அப்பா ஏலக்காய்க் கடை வைத்திருந்தார். மலையிலிருந்து ஜீப்பில் இறங்கும் மூட்டைகளைப் பார்த்து வாங்கி, தரம் பிரித்து அனுப்புகிற வேலை. வீட்டில் தீர்மானம் எடுக்கிற வேலை அவருடையது அல்ல. அவர் அம்மாவைப் பார்த்தார்.

"ஒண்ணும் வேணாம்," என்றாள் அம்மா.

"அஞ்சாப்புல எல்லாரும் தைக்கணும்மா. நான் மட்டும் தைக்கலைன்னா எம் பேரு எந்தத் தலகாணிலயும் இருக்காது."

"இல்லாட்டிப் போகுது."

நான் அன்று மதியச் சாப்பாட்டைத் தொடாமல் டப்பாவை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன். மறுநாளும் அப்படியே செய்தேன். அதற்கு மறுநாள் பெரிய மிஸ் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினார். ஓர் ஏற்பாடு முடிவாயிற்று. ஆபீஸ் ரூம் ஜன்னல்களைச் சாத்திவிட்டு நான் உள்ளே உட்கார்ந்து உறைகளை மட்டும் தைப்பது, மற்றவர்கள் வராந்தாவில் பஞ்சு அடைப்பது. எனக்கு அது பாதி வெற்றியாகக்கூடத் தோன்றவில்லை. அம்மாவுக்கோ அது முழுத் தோல்வி. இரண்டு பேரும் முகத்தைத் தூக்கிக்கொண்டே சம்மதித்தோம்.

அந்த நாள் வந்தது. ஆபீஸ் ரூமில் மின்விசிறிகூடப் போடாமல் நான் வியர்த்துக்கொண்டு தைத்தேன். வெளியே சிரிப்பு கேட்டது. யாரோ தும்மினார்கள், எல்லோரும் சேர்ந்து தும்முவதுபோல் நடித்தார்கள், பெரிய மிஸ் அதட்டினார். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. என் சிநேகிதி ஜெனிபர் நின்றாள். மிளகு, காப்பிக்கொட்டை விற்கும் கடைக்காரர் மகள். புருவம் நரைத்து, தலையெல்லாம் வெள்ளையாய், பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"ஒனக்குக் காட்டணும்னுதான் ஓடியாந்தேன். பாத்துக்கோ, வெரசாப் போகணும்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவளும் சிரித்தாள். அவள் தலையை ஆட்ட, அறையின் வெயில் கீற்றில் பஞ்சு பொன்னாகப் பறந்தது. இன்றைக்கும் சொல்வேன், அது பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். நெஞ்சில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது. காற்று உள்ளே வர மறுத்தது. ஜெனிபர் அலறினாள். பெரிய மிஸ் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என்னைத் தோளில் போட்டு ஓடினார். சார் வேனை ஹாரன் அடித்துக்கொண்டே விரட்டினார். ஆஸ்பத்திரியில் மூக்கில் மாஸ்க் வைத்து மருந்துப் புகையைப் பிடிக்கச் செய்தார்கள். மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தபோது அம்மா எதிரே நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை, திட்டவில்லை. என் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலையே அம்மா சொல்லிவிட்டாள், பரீட்சைக்கு மட்டும் பள்ளிக்குப் போனால் போதும் என்று.

பெரிய மிஸ் வீட்டுக்கு வந்தார். கூடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, இந்த வருஷம் ஆக்டிவிட்டியையே நிறுத்திவிட்டதாகச் சொன்னார். பறித்த காய், அடித்த பஞ்சு, மரத்தில் மிச்சம் இருந்தது எல்லாவற்றையும் மெத்தைக் கடைக்கு அனுப்பியாகிவிட்டது. வராந்தாவையும் வகுப்புகளையும் கழுவிவிட்டாகிவிட்டது. பிள்ளையைத் தைரியமாக அனுப்பலாம் என்றார்.

"அனுப்ப முடியாது மிஸ். புள்ள மூச்சுக்குத் தவிக்கிறப்போ பக்கத்துல நிக்கிறது எப்படி இருக்கும்னு ஒங்களுக்குத் தெரியாது."

"தெரியும்மா. அன்னைக்கி நாந்தான தூக்கிட்டு ஓடுனேன்."

"நீங்க ஒரு நாள் பாத்தீங்க," என்றாள் அம்மா. காப்பி போட எழுந்து போய்விட்டாள்.

நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஆக்டிவிட்டியே இல்லை என்ற செய்தி என்னை உலுக்கிவிட்டது. என்னை விட்டுவிட்டு அவர்கள் தைப்பது கொடுமை என்று நினைத்திருந்தேன். அவர்களும் தைக்காமல் இருப்பது அதைவிடக் கொடுமை என்று அப்போதுதான் தெரிந்தது. சாயங்காலம் ஜெனிபர் வாசல் கம்பிக்கு வெளியே நின்று வகுப்பு நிலவரம் சொன்னாள். எல்லோருக்கும் அவள்மேல் கோபம், அதைவிட என்மேல் கோபம். கார்த்தி என்கிற பையன், ஜீப் டிரைவர் மகன், வெளிப்படையாகவே சொன்னானாம்: "அவளுக்கு ஆகலைன்னா அவ வீட்ல இருக்கட்டும். எங்களுக்கு எதுக்கு இல்லைங்கிறாங்க?"

அவன் கேட்டது நியாயம். அதனால்தான் எனக்கு அவ்வளவு எரிச்சல் வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

"போய் அவங்கிட்டச் சொல்லு. இந்த வருஷமும் தலகாணி உண்டு. பஞ்சு இல்லாமத் தைப்போம்."

"பஞ்சு இல்லாம எப்படிடி?"

"அது எஞ் சோலி."

ஜெனிபர் போனபிறகுதான், அது எப்படி என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டேன்.

முதல் முயற்சி அப்பாவின் கடையிலிருந்து வந்தது. ஏலக்காயைத் தேய்த்துச் சுத்தம் செய்யும்போது உதிர்கிற காம்பும் பூவும் ஒரு மூலையில் குவிந்து கிடக்கும். அப்பாவிடம் கேட்டு ஒரு பை நிறையக் கொண்டுவரச் சொன்னேன். என் பள்ளிப் பையில் மிச்சமாகக் கிடந்த ஓர் உறையில் அடைத்துத் தைத்தேன். உலகத்திலேயே வாசனையான தலையணை அது. அப்பா பெருமையாக அதில் தலைவைத்துப் படுத்தார். எழுந்தபோது கன்னம் முழுக்க அம்மை போட்டதுபோல் புள்ளி புள்ளியாகக் குத்தியிருந்தது. "வாசம் தூக்குது தாயி. தூங்கத்தான் விடமாட்டேங்குது," என்றார். அடுத்து தேங்காய் நாரைப் பிரித்து அடைத்துப் பார்த்தேன். அது தலையணை என்பதைவிடச் செங்கல் என்று சொல்லலாம். அம்மா இரண்டையும் பார்த்தாள். கூடத்தைப் பெருக்கினாள்.

மூன்றாவது, தானாக அகப்பட்டது. அப்பா என்னை டாக்டரிடம் மறுபடி காட்டிவிட்டுத் திரும்பும் வழியில், லோடு விஷயமாகப் பேச ஜீப் மெக்கானிக் ஷெட்டில் ஸ்கூட்டரை நிறுத்தினார். கார்த்தியின் அப்பா ஜீப்புக்கு அடியிலிருந்து வெளியே வந்தார்.

"என்ன மாப்ளே, வண்டி இன்னிக்கு மலை ஏறுமா, ஏறாதா?" என்று அப்பா கேட்க, பேச்சு நீண்டது. எனக்குக் கால் வலித்தது. ஓரமாகக் கிடந்த ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்தேன். மெத்தென்று அமுங்கியதில் உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிட்டேன். மறுபடி உட்கார்ந்து பார்த்தேன். சாக்கைப் பிரித்தேன். உள்ளே கிரீஸ் துடைப்பதற்கென்று வாங்கி வைத்திருந்த துண்டுத் துணிகள், இன்னும் யாரும் தொடாதவை. பனியன் கம்பெனியில் வெட்டிக் கழித்த நீள நீளமான கீற்றுகள்.

"அண்ணே, இதுல கொஞ்சம் எடுத்துக்கவா?" என்றேன் கார்த்தியின் அப்பாவிடம். அவரை நான் மாமா என்று கூப்பிட வேண்டும். அவசரத்தில் முறை மாறிவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே ஒரு கை அள்ளிக் கொடுத்தார்.

வீட்டில் உட்கார்ந்து அதைத் தைத்து முடித்து, அம்மாவின் முன்னால் வைத்தேன். அம்மா கையில் எடுத்து அமுக்கிப் பார்த்தாள். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். தூக்கிப் போட்டுவிடுவாள் என்று நினைத்தேன்.

"இந்தப் பனியன் துணி நைலான் கலந்தது, சூடு. சின்னப்புள்ளைக்குத் தல வேர்த்துக் கொட்டும்," என்றாள். "பருத்தியா இருக்கணும். பழசா இருக்கணும். துவைச்சுத் துவைச்சு நூல் நெகிழ்ந்து போயிருக்கணும். கீத்து இவ்வளவு அகலம் கூடாது, வெரல் அகலம்தான். இல்லைன்னா உள்ள கட்டி தட்டிரும்."

எல்லாம் தெரிந்தவள்போல் சொன்னாள். எப்படித் தெரியும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அம்மாக்களுக்குத் தலையணை தெரியாமல் என்ன.

மறுநாள் காலை அம்மா என் சீருடையைத் தேய்த்து வைத்திருந்தாள். பள்ளிக்கு அவளே அழைத்துப் போனாள். வழக்கமான சுற்றுத் தெருவில்தான். வராந்தாவில் விரலால் தடவித் தூசி பார்த்தாள், மரத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு பெரிய மிஸ்ஸிடம் போய், பனியன் துணித் தலையணையை மேசைமேல் வைத்தாள்.

"இத வச்சுக்கிட்டு ஒரு வாரமா வீட்டை ரெண்டாக்குறா மிஸ். என்னால முடியல. பழைய பருத்தித் துணி கொண்டுவரச் சொல்லுங்க. வெந்நீர்ல போட்டு வெயில்ல காயவச்சதா இருக்கணும். வெட்டிக் குடுக்க நான் வர்றேன்."

பெரிய மிஸ் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். சிரித்துவிட்டால் காரியம் கெட்டுவிடும்.

வகுப்பு அவ்வளவு எளிதில் மடங்கவில்லை. கார்த்தி எழுந்து நின்று, பஞ்சில் படுப்பதும் கந்தையில் படுப்பதும் ஒன்றா என்று கேட்டான். சிலர் ஆமாம் போட்டார்கள். பெரிய மிஸ் யாரையும் அதட்டவில்லை. அன்று மதியம் என் பனியன் தலையணையையும், போன வருஷத்துப் பஞ்சுத் தலையணை ஒன்றையும் எல்.கே.ஜி. அறையில் பாயின்மேல் போட்டுவிட்டு, எங்களைச் சத்தமில்லாமல் ஜன்னலோரம் நிறுத்தினார். முதலில் வந்த குழந்தை பஞ்சுத் தலையணையில் படுத்தது. கார்த்தி என்னைப் பார்த்தான். அடுத்து வந்த ஒரு சின்னப் பெண், என்னுடையதை எடுத்து, தலைக்கு வைக்காமல் கட்டிப்பிடித்துக்கொண்டு, பாயைவிட்டுத் தரையில் உருண்டு, அப்படியே தூங்கிப்போனது. பஞ்சுத் தலையணைக் குழந்தை எழுந்து வந்து அதைப் பிடுங்கப் பார்த்தது. இரண்டும் ஒரே நேரத்தில் அழுதன.

"சரி," என்றான் கார்த்தி, ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுத்து. "எங்க வீட்ல பழைய வேட்டி இருக்கு."

அடுத்த நாட்களில் பள்ளித் தெருவே பள்ளிக்குள் வந்துவிட்டது. பள்ளி விட்டதும் நாங்கள் கும்பலாக வீடு வீடாகப் போனோம். சாயம் போன சுங்கடிச் சேலை, கிழிந்த துண்டு, ஓரம் நைந்த வேட்டி எல்லாம் வந்தன. ஒரு வீட்டில் மருமகள் நல்ல சேலையாகவே ஒன்று கொடுத்தாள். மறுநாள் மாமியார் வந்து அதைத் திருப்பிக் கேட்டு வாங்கிப் போனார். ஒருவர் நைலக்ஸ் சேலையைக் கொண்டுவந்து, அம்மா வேண்டாம் என்றதற்குக் கோபித்துக்கொண்டார். ஜெனிபரின் அப்பா, கடையில் பொட்டலம் போடுவதற்கு வைத்திருந்த பெரிய கத்திரிக்கோலைக் கொடுத்து அனுப்பினார். பள்ளியின் கொல்லையில் அண்டாவை வைத்து சார் வெந்நீர் போட்டார். மொட்டை இலவ மரத்துக்கும் கொட்டகைக்கும் இடையே கொடி கட்டி ஊரார் துணியெல்லாம் காய்ந்தது. அம்மாக்கள் சமையலை முடித்துவிட்டு வந்து, வராந்தாவில் காலை நீட்டி உட்கார்ந்து கீற்றாக வெட்டினார்கள். அவர்கள் பேச்சில் பங்குனித் திருவிழாவும், மலையில் மழை இல்லாததும், யார் பெண்ணுக்கு எங்கே மாப்பிள்ளை என்பதும் கலந்து ஓடின. நாங்கள் அவர்கள் மடியிலிருந்து கீற்றுகளை அள்ளிக்கொண்டுபோய் அடைத்தோம். பெரிய மிஸ் இடையிடையே வந்து, தைத்துக்கொண்டே பரீட்சைக்கு வேண்டிய வாய்ப்பாட்டை ஒப்பிக்கச் சொன்னார்.

அம்மாதான் தினமும் முதலில் வந்து கடைசியில் போனாள். யார் கீற்று அகலமாக இருந்தாலும் வாங்கி மறுபடி வெட்டினாள். அதுவரை பள்ளி வாசலோடு திரும்பிவிடுகிறவளை எல்லோரும் அப்போதுதான் பார்த்தார்கள். எனக்கு அதில் பெருமை. ஆனால் ஒரு குறையும் இருந்தது. எல்லோர் வீட்டிலிருந்தும் துணி வந்தது, எங்கள் வீட்டிலிருந்து மட்டும் ஒரு கிழிசல்கூட வரவில்லை. என் தலையணையை நான் யார் வீட்டுச் சேலையிலோ தைக்க வேண்டியதாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதைச் சொல்லி நச்சரித்தேன்.

"நீதான எல்லாத்தையும் நடத்துற. நம்ம வீட்லருந்து ஒண்ணுமே குடுக்கலைன்னு கேக்குறாங்கம்மா."

யாரும் கேட்கவில்லை. நானாகச் சேர்த்தது.

அம்மா கொஞ்ச நேரம் கீரை ஆய்ந்துகொண்டே இருந்தாள். பிறகு கையைக் கழுவித் துடைத்துவிட்டு உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. அப்பா படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். அம்மா ஒரு துணி மூட்டையைக் கொண்டுவந்து என் முன்னே பிரித்தாள்.

உள்ளே சின்னச் சின்னச் சதுரத் துணிகள், பழைய வேட்டியைக் கிழித்து ஓரம் மடித்துக் கையால் தைத்தவை. குழந்தையைத் துடைக்கவும் சுற்றவும் வைத்துக்கொள்வார்களே, அது. கூடவே நாடா வைத்த குட்டிச் சட்டைகள். என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரியவை. எல்லாம் பூப்போல இருந்தன. மடிப்புக்கூடக் கலையவில்லை, ஒரு கறை இல்லை.

"நான் போட்டதாம்மா?"

"கத்திரிக்கோலைக் கொண்டா," என்றாள் அம்மா.

"வேணாம்," என்றார் அப்பா. அவர் அம்மாவிடம் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. "அது இருக்கட்டும். என் வேட்டி ரெண்டு தர்றேன்."

"இருந்து என்ன செய்யப் போகுது? ஏதாவது ஒரு புள்ளைக்கு ஆகட்டும்."

அப்பா மறுபடி படுக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போவதாகச் சொல்லி வெளியே போனார். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. அதை நான் யோசிக்கவில்லை. இவ்வளவு சுத்தமான குழந்தையாக நான் இருந்திருக்கிறேனே என்ற பெருமையில் மூழ்கியிருந்தேன். இவ்வளவு குட்டித் துணியிலிருந்து நீளமான கீற்று வராதே என்று மட்டும் குறைப்பட்டேன். நான் பாட்டுக்கு வெட்டத் தொடங்கினேன். அம்மா என் கையிலிருந்து கத்திரிக்கோலை வாங்கிக்கொண்டாள். "நாடாவைத் தனியா எடுத்துரு. குத்தும்," என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து, நீவி, விரல் அகலத்துக்கு வெட்டினாள். ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

அந்தத் தலையணைதான் எல்லாவற்றிலும் மென்மையாக வந்தது. கார்த்தியே அமுக்கிப் பார்த்து ஒப்புக்கொண்டான். மூலையில் என் எழுத்தைச் சிவப்பு நூலில் இரண்டு தடவை தைத்தேன்.

கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாள், புதிதாகச் சேரப்போகும் எல்.கே.ஜி. குழந்தைகளை அம்மா அப்பாவோடு வரச்சொல்லியிருந்தார்கள். நாங்கள் வரிசையாகத் தலையணைகளோடு நின்றோம். பெரிய மிஸ் கொஞ்சம் பேசினார், சார் மைக்கைத் தட்டித் தட்டிச் சரிசெய்தார். பிறகு ஆளுக்கொரு குழந்தையிடம் தலையணையைக் கொடுத்தோம். எனக்கு வந்தவன் ஓர் ஒல்லிப் பையன். பேர் கேட்டால் சொல்லமாட்டேன் என்று தலையாட்டினான். தலையணையை வாங்கி முகர்ந்து பார்த்தான். மற்றக் குழந்தைகள் கொல்லைப் பக்கம் ஓட, இவன் மட்டும் கூட்டம் பிடிக்காமல் எல்.கே.ஜி. அறைக்குள் போய், மூலையில் பாயை இழுத்துப் போட்டுப் படுத்து, வெயிலும் அலைச்சலுமாக வந்த களைப்பில் தூங்கிவிட்டான். அவன் அம்மா யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள்.

வெளியே ரஸ்னா கலக்கிக் கொடுத்தார்கள். நான் அம்மாவைத் தேடிக்கொண்டு போனேன். அம்மா எல்.கே.ஜி. அறையில், அந்தப் பையன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தாள். அவன் மூக்குக்கு நேராக ஒரு விரலை வைத்துக்கொண்டிருந்தாள். மூச்சு அதில் பட்டுப் பட்டுப் போவதைப் பார்த்தபடி இருந்தாள். முன்பின் தெரியாத பிள்ளை. யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

"அம்மா, வாம்மா. ரஸ்னா தீந்துரும்."

"போ, வர்றேன்," என்றாள், திரும்பாமல்.

எனக்கு அடுத்து ஒரு தம்பி பிறந்தான் என்பதும், நாள் நிறையும் முன்பே மதுரை ஆஸ்பத்திரியில் பிறந்து, மூச்சு விட முடியாமல் கண்ணாடிப் பெட்டிக்குள் சில நாள் போராடிவிட்டுப் போய்விட்டான் என்பதும் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. எனக்குப் பெண் பிறந்தபோது, ஆஸ்பத்திரி நடையில் வைத்து அப்பா சொன்னார், அதுவும் ஒரே மூச்சில், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. நான் மிகவும் சின்னவளாக இருந்தபோது அம்மா பெரியம்மா வீட்டுக்குப் போயிருப்பதாக எனக்குச் சொல்லியிருந்தார்களாம். மதுரையில் இருந்த அந்த நாட்களில்தான் அவள் அந்தச் சட்டைகளைத் தைத்து முடித்தாளாம்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், வராந்தாவில் வரிசை நீண்டுகொண்டே போகிறது என்பதும், ஜெனிபர் எனக்காக இடம் பிடித்து வைத்துக் கத்திக்கொண்டிருக்கிறாள் என்பதும், தூங்குகிற பிள்ளையைப் பார்க்க இவ்வளவு நேரம் என்ன இருக்கிறது என்பதும்தான். நான் அம்மாவை விட்டுவிட்டு ஓடினேன். இரண்டு டம்ளர் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். அம்மா இன்னும் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கதவருகே நின்றேன். அவளுடையது சூடாகிவிடுமே என்று அதையும் நானே குடித்துவிட்டேன்.